நோஆன் போகும் சாலை

பிரான்சின் நட்டநடுவில் பெரி என்றொரு பழைய மாகாணம். ஷாத்தோரூவிலிருந்து லா ஷாத்ர் என்ற சிற்றூருக்குப் போகும் சாலையில் இருபுறமும் வேலிச்செடிகள் சூழ்ந்த மேய்ச்சல் நிலங்கள், ஓட்டு வீடுகள், ஊருக்கொரு சின்னத் தேவாலயம். கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, நினைத்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போகலாம். இந்தச் சாலையோரத்தில்தான் நோஆன் கிராமம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே காரில் உலா வந்த ஒரு பெண்ணையும், அதற்கும் முன்பு இங்கே வாழ்ந்த இன்னொரு பெண்ணையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், ஊர் சுற்றும் சுதந்திரம் எதன்மேல் நிற்கிறது என்பது நமக்குப் புரியும்.

வந்தவர் அமெரிக்க நாவலாசிரியர் எடித் வார்ட்டன். நியூயார்க்கின் பழைய பணக்காரக் குடும்பம் ஒன்றில் 1862இல் பிறந்தவர். 1904இல் பானார் லெவாசோர் என்ற பிரெஞ்சுக் காரை வாங்கினார். 1906இலும் 1907இலும் கணவர் டெடியோடு பிரான்சின் கிராமப்புறங்களைச் சுற்றினார். 1907 மார்ச் பயணத்தில் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்சும் உடன் இருந்தார். அந்த அனுபவங்கள் 1908இல் ‘எ மோட்டார் ஃப்ளைட் த்ரூ ஃபிரான்ஸ்’ என்ற நூலாயின. ரயிலில் போகிறவர் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டவர். எந்த ஊருக்குள்ளும் ரயில் நிலையத்தின் அழுக்கு வழியாகத்தான் நுழைய வேண்டும். கார் அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிட்டது என்று வார்ட்டன் மகிழ்ந்தார்.

அந்தக் கார் யார் பணத்தில் வந்தது? அவர்கள் நண்பர் வட்டத்தில் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. ‘த வேலி ஆஃப் டெசிஷன்’ நாவல் தந்த பணத்தில் கார் வாங்கினேன் என்றாராம் வார்ட்டன். என் நாவல் தந்த பணத்தில், விருந்தினர் பெட்டிகளைத் தள்ளிவர ஒரு கைவண்டிதான் வாங்க முடிந்தது, அடுத்த நாவல் விற்றால் அதற்கு வண்ணம் அடிப்பேன் என்றாராம் ஜேம்ஸ். கதை எவ்வளவு உண்மையோ, பணம் வார்ட்டனுடையது என்பது உண்மை. குடும்பச் சொத்தும் எழுத்து வருமானமும் அவருக்கு இருந்தன. வண்டியை ஓட்டியவர் சார்லஸ் குக் என்ற சம்பள ஓட்டுநர். பெண்கள் ஓட்டவே இல்லை என்பதில்லை. பிரான்சில் உஸேஸ் சீமாட்டி 1898இலேயே ஓட்டுநர் தேர்வில் தேறினார். அதே ஆண்டில் வேகமாகப் போனதற்கு அபராதமும் கட்டினார். அவரும் பெருஞ்செல்வம் உடையவர் என்பதை மறக்க வேண்டாம்.

வார்ட்டன் நோஆனுக்கு இரண்டு முறை போனார். அவர் தேடிப்போனது ஜார்ஜ் சாண்ட் வாழ்ந்த வீட்டை. 1804 மார்ச்சில் நெப்போலியனின் குடிமைச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது அது. சட்டத்தின்முன் சொந்தமாகச் செயல்படும் தகுதி அற்றவர்கள் என்று வயதுவராதவர்களோடு மணமான பெண்களையும் சேர்த்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று பாரிசில் ஓரோர் துப்பேன் என்ற பெண் குழந்தை பிறந்தது. அவர்தான் பின்னாளில் ஜார்ஜ் சாண்ட் என்ற பெயரில் எழுதியவர்.

நோஆன் வீடு சாண்டின் பாட்டி 1793இல் வாங்கியது. தந்தை சிறு வயதிலேயே இறந்துவிட, பாட்டிதான் அவரை வளர்த்தார். 1821இல் பாட்டி இறந்தபோது வீடும் நிலமும் 17 வயதுப் பேத்திக்கு வந்தன. மறு ஆண்டு கசிமிர் துதெவான் என்பவருடன் திருமணம். அத்தோடு சொத்தின் நிர்வாகம் கணவன் கைக்குப் போயிற்று. 1831இல் அவர் பாரிசுக்குக் கிளம்பியபோது, அவருடைய சொத்திலிருந்தே அவருக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்க் படி அளக்கப்பட்டது. மணவிலக்கு கேட்கவும் வழியில்லை. 1816இல் அதை அரசு ஒழித்துவிட்டது. பிரிந்து வாழும் உரிமைக்காக மட்டும் வழக்குப் போடலாம். லா ஷாத்ரிலும் பூர்ஜிலும் நடந்த வழக்குக்குப் பிறகு 1836இல் நோஆன் அவர் கைக்குத் திரும்பியது. பாட்டி வீட்டைப் பேத்தி வழக்காடி மீட்க வேண்டியிருந்தது.

அந்த வீட்டில்தான் இசையமைப்பாளர் ஷோபன் பல கோடைகளைக் கழித்தார். சுற்றியிருந்த உழவர்களின் வாழ்க்கை ‘லா மார் ஓ தியாப்ல்’ போன்ற நாவல்களாயிற்று. 1848 புரட்சியின்போது பெண்ணியப் பத்திரிகை ஒன்று அவரைத் தேசிய சபை வேட்பாளராக முன்மொழிந்தது. சாண்ட் மறுத்துவிட்டார். திருமணத்தில் கணவனின் பிடியில் இருக்கும் பெண் சபையில் யாரைப் பிரதிநிதிப்படுத்துவாள், முதலில் குடும்பச் சட்டம் மாறட்டும் என்பது அவர் வாதம். அந்த வரிசையை நாம் ஏற்காமல் போகலாம். ஆனால் தன் வீட்டை நீதிமன்றத்தில் மீட்ட ஒருத்தியின் வாதம் அது என்பதை நினைவில் வைத்து மதிப்பிட வேண்டும்.

சாண்டுக்கு மீட்க ஒரு வீடாவது இருந்தது. சுற்றியிருந்த கிராமத்துப் பெண்களுக்கு? பிரெஞ்சு ஊர்களில் இன்று பயணிகள் ஆசையாகப் படம்பிடிக்கும் இடம், லவ்வார் எனப்படும் பொதுத் துவைதுறை. கூரை, கல் தொட்டி, ஓரத்தில் பூந்தொட்டிகள். இவற்றைக் கட்ட 1851இல் ஒரு சட்டம் அரசு மானியம் தந்தது. விறகுச் சாம்பல் கரைத்த வெந்நீரில் ஊறவைத்த துணிகளைப் பெண்கள் இங்கே கொண்டுவந்து, மரப்பெட்டிக்குள் முழங்காலிட்டு, கட்டையால் அடித்து, குளிர்காலத்திலும் பச்சைத் தண்ணீரில் அலசினார்கள். கூலிக்குத் துவைத்தவர்களும் உண்டு. அந்தக் கூலியைத் தன் விருப்பப்படி செலவிடும் உரிமையை மணமான பெண்ணுக்குத் தந்த சட்டம் வந்தது 1907 ஜூலை 13 அன்று. வார்ட்டனின் கார் அந்த வசந்தத்தில் கிராமங்களைக் கடந்துபோய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருடைய நூலில் தேவாலயங்களும் கோபுரங்களும்தான் பக்கங்களை நிறைக்கின்றன.

வார்ட்டனுக்கும் அந்தச் சிக்கல் தொலைவில் இல்லை. அவருடைய பணத்தை நிர்வகித்துவந்த டெடி அதிலிருந்து பெருந்தொகையைத் தனக்காக எடுத்துச் செலவழித்தது 1909இல் வெளிவந்தது. 1913இல் வார்ட்டன் மணவிலக்குப் பெற்றார், பாரிஸ் நீதிமன்றத்தில். சாண்டுக்குக் கிடைக்காத மணவிலக்கு, சாண்ட் இறந்து 8 ஆண்டுகள் கழித்து 1884இல் சட்டத்துக்குத் திரும்பியிருந்தது.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, அறுவடையை முடிக்கும்படி நாட்டுப்புறப் பெண்களுக்குப் பிரதமர் விவியானி வேண்டுகோள் விடுத்தார். உழுதார்கள், அறுத்தார்கள், மாடு கன்றுகளைக் காத்தார்கள். இன்று எந்த ஊரில் காரை நிறுத்தினாலும் திடலில் ஒரு போர் நினைவுத்தூண் நிற்கும். செத்துப்போன ஆண்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். நிலத்தைக் காப்பாற்றிய பெண்களுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. அவர்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1944 வரை ஆயிற்று. கணவன் சம்மதமின்றி வேலைக்குப் போகவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965 வரை ஆயிற்று. 1804 சட்டத்திலிருந்து கணக்கிட்டால் 161 ஆண்டுகள்.

நம்மில் யாராவது அந்தச் சாலையில் போக வாய்த்தால் மெதுவாகத்தான் போக வேண்டும். நோஆனில் வீட்டைப் பார்க்கலாம். பக்கத்திலேயே குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் சாண்ட் அடக்கமாகியிருக்கிறார். அடுத்து வரும் ஊரில் துவைதுறை இருந்தால் இறங்கி, கல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். பல தலைமுறைப் பெண்களின் கைபட்டுத் தேய்ந்த கல் அது. பிறகு, உங்கள் கைப்பையில் இருக்கும் ஓட்டுநர் உரிமத்தையும் வங்கி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் உங்கள் பெயர் இருக்கிறது.