பின்னம் கற்பித்த மூன்று வடிவங்கள்

சிறுவர்களுக்குப் பின்னத்தை விதிகளால் அன்றி வடிவங்களால் கற்பிக்கும் முறை, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உருப்பெற்றது. சதுரம், கனசதுரம், வட்டம் என்ற மூன்று வடிவங்கள் அதன் வளர்ச்சிப் படிகளாக அமைந்தன.

முதலில் வந்தது சதுரம். சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலோசி, கண்ணால் கண்டறிவதே கற்றலின் அடிப்படை என்று கருதியவர். அவருடைய பின்ன அட்டவணையில் வரிசை வரிசையாகச் சதுரங்கள் இருந்தன. முதல் வரிசையில் முழுச் சதுரங்கள். இரண்டாம் வரிசையில் ஒவ்வொன்றும் செங்குத்துக் கோட்டால் இரண்டாகப் பிரிந்திருக்கும். பத்தாம் வரிசையில் பத்தாக. இன்னோர் அட்டவணையில் கிடைக்கோடுகளும் சேர்ந்தன. நெடுக்கில் இரண்டாகவும் குறுக்கில் மூன்றாகவும் பிரித்த சதுரத்தில் ஆறு கட்டங்கள் இருக்கும். அதில் அரை என்பது மூன்று கட்டம், மூன்றில் ஒன்று என்பது இரண்டு கட்டம். இரண்டையும் கூட்டினால் ஆறில் ஐந்து என்பதை எண்ணியே சொல்லிவிடலாம்.

பெஸ்டலோசியின் இவர்டன் பள்ளியில் 1808 முதல் 1810 வரை இருந்தவர் ஜெர்மானியரான ஃப்ரோபெல். பின்னர் பெர்லினில் படிகவியலும் பயின்றார். 1837-இல் பிளாங்கன்பர்க்கில் சிறுவர் நிறுவனம் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். 'கொடைகள்' எனப்பட்ட அவருடைய விளையாட்டுப் பொருள்களில் பின்னம் கையில் எடுக்கும் பொருளாயிற்று. மூன்றாம் கொடை, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் மரக் கனசதுரம். அதை மேல் கீழாகவோ இட வலமாகவோ முன் பின்னாகவோ பிரித்தாலும் பாதிக்கு நான்கு கட்டைகளே வரும். ஐந்தாம் கொடையில் 27 கனசதுரங்கள். அவற்றில் மூன்று மூலைவாட்டில் இரண்டாகவும், மூன்று நான்காகவும் வெட்டப்பட்டிருந்ததால் மொத்தம் 39 துண்டுகள். ஆட்டம் முடிந்ததும் கட்டைகளை மீண்டும் முழுக் கனசதுரமாக அடுக்கிப் பெட்டியில் வைப்பது வழக்கம். பங்குகள் சேர்ந்தால் முழுமை என்ற பாடம் அந்த அடுக்கலிலேயே இருந்தது.

மூன்றாம் வடிவமான வட்டத்தை முறைப்படுத்தியவர் மரியா மாண்டிசோரி. 1907-இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், சற்று வளர்ந்த சிறுவர்களுக்காகப் பின்ன வட்டங்களை அமைத்தார். ஒரே அளவுள்ள பத்து உலோக வட்டங்கள். முதலாவது முழு வட்டம், மற்றவை இரண்டு முதல் பத்துவரை சம பங்குகளாக வெட்டப்பட்டவை. ஒவ்வொரு துண்டுக்கும் பிடிகுமிழ் உண்டு. அரைவட்டம் எடுத்த பள்ளத்தில் இரண்டு கால்வட்டங்கள் இடைவெளியின்றிப் பொருந்தும். பொருந்தாத துண்டு தவறைத் தானே காட்டிவிடுவதால், ஆசிரியர் குறுக்கிட வேண்டிய தேவை குறைந்தது. வட்டத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஒரு துண்டு குறைந்தாலும், எவ்வளவு குறைகிறது என்பது உடனே தெரியும்.

மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். உலகப் போரால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தில் அவரிடம் நேரடியாகப் பயின்ற ஆசிரியர்கள் வழியே அவருடைய கற்பித்தல் முறை இந்தியப் பள்ளிகளில் பரவியது.