வாராவாரம் ஈஸ்டர்

போன வருடம் ஈஸ்டருக்கு எனக்கு ஆன்-கால் ட்யூட்டி. பாஸ்கா திருவிழிப்புக்கு அம்மா மட்டும் போய்விட்டு, அணைத்த மெழுகுவர்த்தியோடு நள்ளிரவு தாண்டி வந்தார். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

“உயிர்ப்பு அன்னிக்காவது லீவு தர மாட்டாங்களாடா?”

“ஞாயித்துக்கிழமைதானேம்மா, அதுக்குன்னு தனியா எப்படித் தருவாங்க?”

சொன்ன பிறகுதான் உறுத்தியது. ஞாயிறு எப்படி ஓய்வுநாள் ஆனது என்று பின்னோக்கிப் போனால், அந்த வழியில் ஈஸ்டரைத் தாண்டாமல் போக முடியாது.

ஈஸ்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவாகவே நினைக்கிறோம். வரலாற்றில் வாரம்தான் முதலில் வருகிறது. இயேசு உயிர்த்தது வாரத்தின் முதல் நாள் என்று நற்செய்திகள் சொல்கின்றன. எருசலேம் சபைக்கான காணிக்கையை அந்த முதல் நாளில் எடுத்துவைக்கச் சொல்லி கொரிந்தியருக்கு எழுதுகிறார் பவுல். ஆண்டு விழாவாக ஈஸ்டரைக் கொண்டாடியதற்குத் தெளிவான சான்றுகள் இரண்டாம் நூற்றாண்டில்தான் கிடைக்கின்றன.

அன்றைய ரோமில் ஞாயிறு சாதாரண வேலைநாள். 112ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியும் முன் கூடிப் பாடுகிறார்கள். கலைந்துபோய், பிறகு உணவுக்காக மறுபடி கூடுகிறார்கள். இதை உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததையும் அவரே எழுதுகிறார். ஏன் விடியும் முன்? அடிமைக்கு ஏது லீவு? பகல் எஜமானனுடையது. இருட்டு மட்டும்தான் மிச்சம்.

155 வாக்கில் ஜஸ்டின் எழுதும்போது அந்த நாளின் பெயரும் வந்துவிடுகிறது: ஞாயிறு. கூடுவதற்கான காரணங்களில் ஒன்றாக உயிர்ப்பைச் சொல்கிறார். அன்று சேரும் காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் ஊருக்குப் புதிதாய் வந்தவர்களுக்கும் போகிறது. ஈஸ்டருக்கு அன்றாடத்தில் என்ன பொருள் என்று யாராவது கேட்டால், இந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன்.

321இல் கான்ஸ்டன்டைன் ஞாயிறை நகரங்களின் ஓய்வுநாளாக்கினார். சட்டத்தில் கிறிஸ்துவின் பெயர் இல்லை. சூரியனின் நாள் என்றுதான் இருக்கிறது. விவசாய வேலைக்கு மட்டும் விலக்கு. 325இல் கூடிய நிசேயா சங்கம் ஈஸ்டர் தேதியை ஒருமுகப்படுத்த முயன்றது பலருக்கும் தெரிந்திருக்கும். அதன் இருபதாவது விதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே வரையும் முழந்தாள்படியிட வேண்டாம், நின்றுகொண்டே ஜெபியுங்கள். உயிர்ப்பு என்பது மனதில் வைத்துக்கொள்ளும் கோட்பாடாக மட்டும் இருந்துவிடாமல், உடம்பு எழுந்து நிற்கும் பழக்கமாகவும் ஆனது. வாரம் முழுக்க எஜமானன் முன் குனிந்தவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இந்த நாளை அழித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1929இல் சோவியத் அரசு, இயந்திரங்கள் ஒருநாளும் நிற்கக் கூடாதென்று ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம், வெவ்வேறு ஓய்வுநாள். கணவனுக்கு லீவு என்றால் மனைவிக்கு வேலை. ஓய்வு இருந்தது, கூடுவதற்கான நாள் இல்லை. எங்கள் ரோஸ்டர் ஷீட்டிலும் ஆளுக்கொரு நிறம்தான். 1931இல் அதை ஆறு நாள் வாரமாக மாற்றிப் பார்த்தார்கள். 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு ஓய்வும் திரும்பின. ரஷ்ய மொழியில் ஞாயிற்றுக்கிழமையின் பெயர் இந்தப் பதினோரு வருடமும் இருந்தபடியே இருந்தது. உயிர்ப்பு என்ற சொல்லும் அந்தப் பெயரும் ஒரே சொல்தான். எழுத்தில் ஒரு சின்ன வித்தியாசம்.

அடுத்த ஞாயிறும் எனக்கு ட்யூட்டி இருந்தது. ஒன்பது மணி ஷிஃப்டுக்கு முன்னால் அம்மாவோடு ஐந்தரை மணிப் பூசைக்குப் போனேன். வெளியே இன்னும் இருட்டு. பின்வரிசைகளில் நர்ஸ் யூனிஃபார்மில் இரண்டு பெண்கள், ஒரு செக்யூரிட்டி, காக்கிச் சட்டையோடு ஆட்டோக்காரர் ஒருவர். பூசை முடிந்ததும் அவசர அவசரமாகக் கிளம்பினார்கள். எல்லாருக்கும் வேலை இருந்தது.

“பாவம், இவங்களுக்கும் லீவு இல்ல போல” என்றார் அம்மா.

விடியும் முன் கூடி, பாடி, கலைந்து போகிறவர்கள். பிளினி பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருப்பார்.