பத்துப் பேர் கணக்கும் ஒரு பிள்ளையும்

நம் தோட்டப்பள்ளிகள் ஓர் எண்ணிக்கையில் பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பிள்ளைகளின் வருகையையும் தேர்வையும் பார்த்து அரசு மானியம் கொடுத்தது. அப்படிப்பட்ட கணக்கில், கண் தெரியாத பிள்ளையையும் காது கேளாத பிள்ளையையும் யார் தேடிப்போய்ச் சேர்த்திருப்பார்கள்?

அவர்களுக்கான பள்ளிகள் தொலைவில்தான் எழுந்தன. பார்வையற்றோருக்கு 1948-இல் ஜொகூர் பாருவில். செவித்திறன் அற்றோருக்கு 1954-இல் பினாங்கில். பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தோன்றியது. ஆனாலும் கிள்ளான் தோட்டத்துத் தாய்க்கு ஜொகூரும் பினாங்கும் எட்டாத தூரமே.

பின்னர் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்வியை அரசின் கடமைகளில் ஒன்றாக்கியது. அதைச் சாதாரணப் பள்ளியிலும் நடத்தலாம் என்றது. 2003-இல் தொடக்கக் கல்வி கட்டாயமானது. 2019-இல், குறையைக் காட்டி எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை வந்தது. இப்போது பத்துப் பேர் வேண்டியதில்லை. ஒரு பிள்ளை போதும்.

ஆனால், பெயர் பதியாத பிள்ளைக்கு ஒதுக்கீடு வராது. வகுப்பில் நிற்கும் நாங்கள் இதை நன்கு அறிவோம். ஊரார் பேச்சுக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டில் வைத்திராதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், சமூக நல இலாகாவில் பதியுங்கள், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இடம் கேளுங்கள். சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. கேட்பது பிச்சையல்ல, பிள்ளையின் உரிமை.