யாழ்ப்பாண முற்றவெளி: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் கோட்டைக்கும் நகருக்கும் இடையே பரந்து கிடக்கும் முற்றவெளி, மக்கள் காற்று வாங்குதற்கென்று வகுக்கப்பட்ட நிலமன்று. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனை ஐங்கோண வடிவிற் புதிதாகக் கட்டினர். உட்கோட்டை 1680 அளவிலும் வெளியரண்கள் 1792 அளவிலும் நிறைவெய்தின. அக்காலப் போர்முறைப்படி கோட்டை மதிலின் முன்னே மரமோ மனையோ இருத்தலாகாது; அணுகிவரும் பகைவன் மறைந்து நிற்க இடமின்றிப் பீரங்கியின் இலக்குக்குள் அகப்படல் வேண்டும். இத்தேவையே அந்நிலத்தை வெறுமையாக வைத்திருந்தது.

1795இல் கோட்டை பிரித்தானியர் கைக்கு மாறியது. முற்றுகையச்சம் நீங்கவே, போருக்கென ஒதுக்கப்பட்ட வெளி சிறிது சிறிதாக நகரமக்களின் உடைமையாயிற்று. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்தமையின் நினைவாக மணிக்கூட்டுக் கோபுரம் அதன் அருகே எழுந்தது. தொலைவில் நின்றே நேரத்தை அறிய உதவிய அக்கோபுரம், நகரத்தார் அனைவர்க்கும் பொதுவான ஒரு கடிகாரமாயிற்று.

இவ்வெளியின் பயனை முற்றாக உணர்ந்து எழுப்பப்பட்ட கட்டடம் யாழ்ப்பாணப் பொது நூலகமேயாகும். 1933இல் க. மு. செல்லப்பா தமது இல்லத்தில் தொடங்கிய சிறு நூற்றொகுதி, அடுத்த ஆண்டில் வாடகை அறையொன்றுக்கு இடம்பெயர்ந்து, பின்னர் நகரத்தின் பொறுப்பில் வளர்ந்தது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிட மரபைத் தழுவி வரைபடம் ஆக்கினார். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1959இல் நூலகம் திறக்கப்பெற்றது. 1967இல் சிறுவர் பகுதியும் ஆரம்பமாயிற்று. சுற்றிலும் நெருக்கமின்மையால் வெளிச்சமும் கடற்காற்றும் தடையின்றி வந்தன. கிராமத்திலிருந்து துவிச்சக்கரவண்டியில் வந்து படியேறிய மாணவன், தன் வீட்டில் இல்லாத மேசையையும் அமைதியையும் அங்கே பெற்றான். ஆய்வாளனும் பத்திரிகை படிக்க வந்த முதியவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். பீரங்கிக்காக வெறுமையாக்கப்பட்ட நிலம் அறிவுக்கு இடந்தந்தமை வரலாற்றின் இனிய முரண் எனலாம்.

ஆயின் அவ்வினிமை நிலைக்கவில்லை. 1974 ஜனவரி 10ஆம் நாள், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவில் வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே திரண்ட மக்கள்மீது பொலிசார் மேற்கொண்ட நடவடிக்கையின்போது உயிர்கள் பறிபோயின. 1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது நூலகம் எரியூட்டப்பட்டது. கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. காவல் செய்தற்கென வந்தோரே அச்செயலிற் பங்கு கொண்டமை மக்கள் மனத்தில் ஆறாத வடுவாயிற்று. 1984இல் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டபோதும், அடுத்த ஆண்டிலேயே அதுவும் சிதைவுற்றது. 1990இல் கோட்டை மாதக்கணக்கில் முற்றுகைக்குள்ளாகியது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின் முற்றவெளி மீண்டும் துப்பாக்கிகளின் பார்வைக்குள் வந்தது. ஒல்லாந்தர் எதற்காக அதனை வெறுமையாக்கினரோ அப்பயன் மறுபடியும் அதன்மேற் சுமத்தப்பட்டது.

பின்னர் நூலகம் பழைய வடிவிலேயே புதுப்பிக்கப்பெற்று 2004இல் வாசகர்க்குத் திறக்கப்பட்டது. 2009இன் பின் கோட்டையும் திருத்தப்பட்டு வருகின்றது. இன்று மாலைவேளையில் அதன் அரண்மீது குடும்பங்கள் நடந்து கடலைப் பார்க்கின்றன. சுவரையும் கூரையையும் வரைபடங்கொண்டு மீட்கலாம். எரிந்த ஏடுகளை மீட்டல் இயலாது. நல்ல அமைப்பு மட்டும் ஒரு பொதுவிடத்தைக் காக்கவல்லதன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. அங்கே கூடுவோர் அச்சமின்றிக் கூடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டும். முற்றவெளியின் ஓரத்தில் இனி எழும் ஒவ்வொரு கட்டடமும், வெளியில் நிற்பவனை எவ்வாறு நோக்குகின்றது என்பதைக் கொண்டே மதிக்கப்படல் வேண்டும்.