சிகிச்சைச் சேறு

உடலில் பூசவும், துணியில் பொதிந்து ஒத்தடம் கொடுக்கவும், தொட்டியில் நிரப்பி மூழ்கிக் கிடக்கவும் பயன்படும் நுண்மண், நீர்க் கலவையே சிகிச்சைச் சேறு. தமிழகத்தில் இதை மண் பட்டி, மண் குளியல் என்பார்கள். ஜெர்மானியரான அடோல்ஃப் யூஸ்ட்டின் நூலைப் படித்துவிட்டு வயிற்றில் ஈரமண் கட்டிக்கொண்டதைக் காந்தி ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார்.

சேற்றின் தனிச்சிறப்பு அது வெப்பத்தைக் கையாளும் விதம். 45 டிகிரி செல்சியஸ் நீரில் காலை வைத்தால் சட்டென்று இழுத்துக்கொள்வோம். அதே சூட்டில் சேற்றைத் தாங்கிவிடலாம். நீர் ஓயாமல் சுழன்று புதுச்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவருகிறது. கெட்டியான சேறு சுழலாது. தோலை ஒட்டிய ஏடு சற்று ஆறி அங்கேயே நிற்க, பின்னாலிருக்கும் சூடு மெல்ல மெல்ல வந்து சேர்கிறது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். உலர்ந்த களிமண்ணுக்கு ஏறக்குறைய 0.9 ஜூல் போதும். ஆகவே, நீரை நிறையப் பிடித்து வைக்கும் மண்ணே நெடுநேரம் சூடு தாங்கும்.

அதற்குத் துகள் நுண்மையாக இருக்க வேண்டும். இரண்டு மைக்ரானுக்கும் குறைவான களித்துகள்கள் தகடு தகடாக அடுக்கியவை. சிலவகைக் களிமண்ணில் அந்த அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்து மண்ணே உப்பும். பிசைந்தால் இளகி, விட்டால் இறுகும் குணமும் இதனால்தான். நெற்றியில் வைத்த பட்டி கண்ணில் வழியாமல் நிற்பது இப்படித்தான்.

சிகிச்சைக்குப் பயன்படும் கடலோரச் சேற்றின் கறுப்புக்கு இரும்பு சல்ஃபைடு காரணம், அழுகிய முட்டை நாற்றத்துக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு.

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்திலும் அலையாத்தி மரங்களின் காலடியில் இத்தகைய கருஞ்சேறு உண்டு. ஆனால், அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்க் கசிவுகளால் பல ஆண்டுகளாக அதில் படிந்து வந்திருக்கிறது. நிலக்கரிச் சாம்பல் கண்ணாடித் தன்மை கொண்ட உருண்டைத் துகள். களிமண்ணைப் போல நீரைப் பிடித்துக் குழைவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் அதன்மேல் படிந்தது.

இயற்கை மருத்துவர்கள் மேல்மண்ணை ஒதுக்கி, மூன்று நான்கு அடி ஆழத்து மண்ணை வெயிலில் காயவைத்துச் சலித்துக்கொள்வது வழக்கம். சல்லடை கல்லையும் வேரையும் பிடிக்கும். எண்ணெயையும் சாம்பலிலுள்ள ஈயத்தையும் பிடிக்காது. எண்ணூர்ச் சேறு இன்றைய நிலையில் எந்தச் சிகிச்சைக்கும் உதவாது. கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் அந்தச் சேற்றில்தான் இறங்குகிறார்கள்.