செத்த கிரகம்

நாவலில் இரண்டு பக்கம் மட்டும் படித்துவிட்டு விமரிசனம் எழுதுகிறவர்கள் மீது எனக்கு வெகுநாளாகக் கோபம் உண்டு. விஞ்ஞானிகளும் ஒரு சமயம் அந்தக் காரியத்தைச் செய்தார்கள் என்று அறிந்தபோது, கோபம் சற்றுத் தணிந்தது.

1877-இல் இத்தாலிய வானநூலார் ஷியாபரெல்லி, செவ்வாய்க் கிரகத்தில் கோடுகளைக் கண்டு 'கனாலி' என்றார். அச்சொல்லுக்கு ஓடை என்றும் பொருள் உண்டு. ஆங்கிலத்தில் அது கால்வாய் ஆகிவிட்டது. கால்வாய் என்றால் வெட்டியவன் ஒருவன் வேண்டுமல்லவா? அமெரிக்கச் செல்வர் பெர்சிவல் லோவல், 1894-இல் அரிஸோனாவில் வானாராய்ச்சி நிலையமே அமைத்து, தண்ணீருக்காகப் போராடும் ஓர் அறிவாளி இனத்தையே சிருஷ்டித்துவிட்டார். கதாசிரியர்கள் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும்!

1965 ஜூலையில் மாரினர்-4 விண்கலம் செவ்வாயைக் கடந்து போகிற போக்கில் 22 படங்கள் எடுத்தது. அவை எண்களாகத்தான் பூமிக்கு வந்தன. ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பொறுக்கமாட்டாத பொறியியலார், எண்கள் அச்சான காகித நாடாக்களைச் சுவரில் வரிசையாகப் பொருத்தி, வண்ணக் கட்டிகளால் தீட்டினார்கள். முழுப் படங்களும் வந்து சேர்ந்தன. கால்வாய் இல்லை. சந்திரனில் உள்ளவை போன்ற வட்டப் பள்ளங்கள். விண்கற்கள் மோதிய தழும்புகள். தழும்புகள் மலிந்த தரை மிகப் பழைய தரை. எரிமலைக் குழம்போ நீரோ அவற்றை அழிக்கவில்லை என்பது பூகர்ப்ப சாஸ்திரக் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் படத்தில் விழுந்தது செவ்வாயின் மேற்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு! அதற்குள் செத்த கிரகம் என்று பலர் தீர்ப்பளித்துவிட்டார்கள்.

1971 நவம்பரில் மாரினர்-9 அங்கே போய்ச் சேர்ந்தபோது, கிரகம் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. பின்னாலேயே வந்த இரண்டு ரஷ்யக் கலங்கள், முன்பே இட்ட கட்டளைப்படி தம் இறங்குகலங்களை அந்தப் புயலுக்குள் அனுப்பின. ஒன்று நொறுங்கியது, மற்றது தரை தொட்ட சற்று நேரத்தில் ஊமையாயிற்று. மாரினர்-9 கிரகத்தைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தது. முதலில் புழுதிக்கு மேல் நான்கு கரும்புள்ளிகள் தெரிந்தன. புழுதி அடங்க அடங்க, அவை எரிமலைகள் என்று புலப்பட்டது. ஒலிம்பஸ் என்பதன் உயரம் மட்டும் சுமார் 22 கிலோமீட்டர். எவரெஸ்டைப்போல் இரண்டரை மடங்கு. அப்பால் சுமார் 4,000 கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, வற்றிப்போன ஆற்றுப் படுகைகள்!

ஆக, தண்ணீர் அங்கே ஓடியதுண்டு. யாரும் வெட்டிய வழியில் அல்ல. 1965-இல் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்தது போதும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு முறை சந்தித்த மனிதரை நானும் கல்நெஞ்சர் என்று கதையில் எழுதியிருக்கிறேன். அவரை மீண்டும் ஒரு முறை போய்ப் பார்த்திருக்கலாம்.