லேப் தேர்வுக்கு மனப்பாடம் வேண்டாம்.. மைக்ரோகண்ட்ரோலர் அசெம்பிளி புரோகிராமை புரிந்து படிப்பது எப்படி?

முந்தின நாள் ராத்திரி புரோகிராமை மனப்பாடம் பண்ணுவது, மறுநாள் லேப் கிட்டில் எண்களைத் தட்டுவது, ரிசல்ட் வந்ததும் மறந்துவிடுவது. எடப்பாடியில் இருந்து சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் என பஸ் ஏறிப் போய் டிப்ளமோ, இன்ஜினியரிங் படிக்கும் பல மாணவர்களுக்கு அசெம்பிளி என்றால் இதுதான். ஆனால் புரிந்து படித்தால் இது அவ்வளவு கஷ்டமான பாடம் இல்லை. எங்கே தொடங்கலாம்? பார்க்கலாம்.

மைக்ரோகண்ட்ரோலர் என்றால் என்ன?

ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டி கம்ப்யூட்டர். கணக்குப் போடும் பகுதி, புரோகிராமை வைக்கும் நினைவகம், வெளியே கம்பி இணைக்கும் பின்கள் எல்லாம் அதிலேயே இருக்கும். வாஷிங் மெஷின், டிஜிட்டல் மின் மீட்டர், செல்போனில் இருந்தே கிணத்து மோட்டாரை ஆன் பண்ணும் ஸ்டார்ட்டர் என எல்லாவற்றுக்குள்ளும் இப்படி ஒரு சிப் வேலை செய்கிறது.

அசெம்பிளி என்றால்?

தறி ஓடும் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜக்கார்டு தறியில் துளை போட்ட அட்டைகள் வரிசையாக வரும். துளை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு அட்டைக்கு ஒரு ஊடை. அட்டை சொன்னதைத் தாண்டி தறி எதையும் செய்யாது.

சிப்பும் அப்படித்தான். அதற்குத் தெரிந்தது 0, 1 மட்டுமே. 'ஏ என்ற ரெஜிஸ்டரில் 5-ஐ வை' என்பதை 8051 சிப்புக்கு 01110100 00000101 என்று சொல்ல வேண்டும். இதை நாம் நினைவில் வைக்க முடியாது என்பதால் 'மூவ் ஏ, #5' என்று எழுதுகிறோம். இதுதான் அசெம்பிளி. இதை 0, 1 ஆக மாற்றித் தரும் மென்பொருளுக்கு அசெம்பிளர் என்று பெயர்.

இங்கே # குறி முக்கியம். அதை விட்டுவிட்டால் '5 என்ற எண்' என்பது '5-ஆம் முகவரியில் இருப்பது' என்று மாறிவிடும். அசெம்பிளர் தப்பு காட்டாது, விடை மட்டும் தப்பாக வரும். புதுசாகப் படிப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

ஏன் 8051?

இன்டெல் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த சிப் இது. 40 பின்கள், 128 பைட் ராம், 4 கிலோபைட் புரோகிராம் இடம், 111 கட்டளைகள். இன்றைய சிப்களோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது. அதனால்தான் முழுசாகப் புரிந்துகொள்ள முடிகிறது. தமிழ்நாட்டின் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் பாடத்திட்டங்களில் இது நீண்டகாலமாக இருக்கிறது.

முதல் புரோகிராம் எது?

ஒரு எல்இடி விளக்கை அரை விநாடிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி எரிய வைப்பது. இதற்கு மூன்றே வேலை: பின்னின் நிலையை மாற்று, கொஞ்சம் காத்திரு, திரும்பவும் முதலில் இருந்து போ.

காத்திருப்பதில்தான் விஷயமே இருக்கிறது. 8051-ல் 'அரை விநாடி நில்' என்ற கட்டளை கிடையாது. சும்மா எண்ண வைத்துத்தான் நேரத்தைக் கடத்த வேண்டும்.

* 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால், சிப்பின் ஒரு சுற்றுக்கு 1 மைக்ரோ விநாடி ஆகும்.
* 'ஒன்று குறை, பூஜ்ஜியம் ஆகவில்லை என்றால் திரும்பப் போ' என்ற கட்டளைக்கு 2 சுற்று.
* 250-ல் இருந்து எண்ணினால் 500 மைக்ரோ விநாடி. இந்த வேகத்தில் விளக்கு சிமிட்டுவது கண்ணுக்கே தெரியாது.
* 8 பிட் ரெஜிஸ்டரில் 255-க்கு மேல் எண் வைக்க முடியாது. அதனால் அந்தச் சுற்றை இன்னொரு 250 தடவை, அதையும் 4 தடவை ஓடவிட வேண்டும். இப்போது ஏறக்குறைய அரை விநாடி கிடைக்கும்.

இந்தக் கணக்கை ஒருமுறை பேப்பரில் போட்டுப் பார்த்தவருக்கு ரெஜிஸ்டர், லூப், கிளாக் மூன்றும் ஒரே நேரத்தில் புரிந்துவிடும். தேர்வில் 'ஒரு விநாடி' என்று மாற்றிக் கேட்டாலும் கை நடுங்காது.

வீட்டிலேயே பழக முடியுமா?

முடியும். எட்சிம்51 என்ற இலவச சிமுலேட்டர் இருக்கிறது. சாதாரண கம்ப்யூட்டர் போதும். புரோகிராமை ஒவ்வொரு வரியாக ஓட்டி, எந்த ரெஜிஸ்டரில் என்ன மாறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். 'அடுத்த வரியில் ஏ-வில் என்ன இருக்கும்?' என்று முதலில் நீங்களே எழுதிவைத்து, பிறகு பட்டனை அழுத்துங்கள். விடை மாறினால் அங்கேதான் உங்களுக்குப் புரியாத இடம் இருக்கிறது.

அடுத்து ஏடி89எஸ்52 போன்ற நிஜ சிப்புக்குப் போகலாம். இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். 31-ஆவது பின்னை 5 வோல்ட்டில் இணைக்க வேண்டும், இல்லையென்றால் சிப் தனக்குள் இருக்கும் புரோகிராமைப் படிக்காமல் வெளியே தேடும். எல்இடியை 5 வோல்ட்டில் இருந்து ரெசிஸ்டர் வழியாகப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னில் 0 வந்தால் விளக்கு எரியும். வெளியே கரண்ட் தள்ளுவதைவிட உள்ளே இழுப்பதில்தான் இந்தச் சிப்புக்குப் பலம் அதிகம்.

வேலைக்கு உதவுமா?

நேரடியாகச் சொன்னால், இன்று கம்பெனிகளில் பெரும்பாலான மைக்ரோகண்ட்ரோலர் புரோகிராம்கள் சி மொழியில்தான் எழுதப்படுகின்றன. ஆனால் சி-யில் எழுதியது சிப்பில் ஓடாமல் நின்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அசெம்பிளி தெரிய வேண்டும். சிப் ஆன் ஆனதும் ஓடும் முதல் சில வரிகளும் பல நேரம் அசெம்பிளிதான்.

சென்னை ஐஐடி உருவாக்கிய 'சக்தி' பிராசசர் ரிஸ்க்-5 என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் இயங்குகிறது. அதன் அடிப்படைத் தொகுப்பில் சுமார் 40 கட்டளைகள்தான். 8051-ஐப் புரிந்து படித்தவருக்கு அங்கே கட்டளைகளின் பெயர் மாறும், சிப் யோசிக்கும் விதம் ஏற்கெனவே பழகியிருக்கும்.

அதனால் லேப் ரெக்கார்டில் இருக்கும் புரோகிராம்கள் அத்தனையையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒரே ஒரு எல்இடி புரோகிராமை எடுத்து, ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தடுமாறாமல் சொல்ல முடிந்தால் அடுத்த புரோகிராமுக்குப் போகலாம்.